சொன்னபடி வந்த வேட்பாளர்

1996 உள்ளாட்சித் தேர்தலில் செங்கரட்டுப்பட்டி ஊராட்சித் தலைவராகக் காமராஜ் ஏன் ஜெயித்தார் என்பதற்குப் படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பத்திரிகை நிருபர் பணம் என்றார். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிற ஒருவர் சாதி என்றார். அதைச் சொல்ல அவர் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பக்கூட இல்லை. பங்குச்சாமியார் கல்வியறிவு போதாது என்றார், தோற்றுப்போன சூசைமாணிக்கம் சார்தான் அந்த ஊருக்கே முப்பது வருஷமாகக் கல்வி கொடுத்தவர் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டு. சூசைமாணிக்கம் சாரோ, பிராந்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் சாரை ஜெயிக்க வைத்திருக்க வேண்டிய கிழக்குத் தெரு ஓட்டு மொத்தமும் திரும்பியதற்கு இவை எதுவும் காரணம் இல்லை. அந்தக் காரணம் எந்த ஆராய்ச்சியிலும் வராது. கிழக்குத் தெருக்காரர்கள் அதை வெளியாளிடம் சொல்ல மாட்டார்கள். கேட்டால், நல்லவருக்குப் போட்டோம் என்பார்கள்.

செங்கரட்டுப்பட்டி, திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில், கண்டக்டர்கள் மூக்கைப் பொத்துவதா விசில் ஊதுவதா என்று தடுமாறுகிற நிறுத்தம். ஊருக்கு மேற்கே ஒரு தோல் ஷாப்பு. தோல் பதப்பட்டு வெளியூர் போகும். தோலைக் கழுவிய தண்ணீர் ஊரிலேயே தங்கிவிடும். மேற்குக்காட்டுக் கிணறுகள் டீ நிறத்துக்கு வந்து நுரை கட்டி வெகு நாளாயிற்று. தென்னைகள் குரும்பையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. விவசாயம் போன மேற்குத் தெருக்காரர்கள் அதே தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போனார்கள். இதற்கு வேலைவாய்ப்பு என்று பெயர் வைத்து, முதலாளி ஒரு சுதந்திர தினத்தன்று மிட்டாயும் கொடுத்தார்.

இப்போது கிழக்கே இரண்டாவது தோல் ஷாப்பு. நிலம் வாங்கி, காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, கேட் கூடப் போட்டாகிவிட்டது. ஊராட்சியின் அனுமதித் தீர்மானம் ஒன்றுதான் பாக்கி. பத்து வருஷமாக உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் அதிகாரிகள் ஆண்டுகொண்டிருந்த காலம். அந்த அதிகாரி புத்திசாலி. மக்கள் பிரதிநிதி வந்து முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிவிட்டார். ஆக, அடுத்த தலைவர் கையெழுத்துப் போட்டால் தோல் ஷாப்பு. போடாவிட்டால் வெறும் சுவர்.

அந்தச் சுவரை ஒட்டித்தான் ஜக்கம்மாளின் அறுபது சென்ட். அதில் கனகாம்பரமும் கொஞ்சம் கத்தரியும். நடுவில் கிணறு. மேற்கே எல்லாம் கெட்ட பிறகும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் குடிக்கிற மாதிரி இருந்தது. கிழக்குத் தெருவில் பாதிக் குடங்கள் அங்கேதான் நிரம்பின. பூவைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிற வருமானம்தான் அவளுக்கும் அவள் புருஷன் பொம்முராஜுக்கும் சோறு. பிள்ளை இல்லை. கிணறு போனால், அவளும் கேட்டுக்குள் போய்த் தோல் அலச வேண்டும். ஜக்கம்மாளைப் பொறுத்தவரை அந்தத் தேர்தலில் நின்றது ஒரே ஒரு வேட்பாளர்தான், அவள் கிணறு.

அந்தக் கிணற்றின் சார்பில் நின்றவர் சூசைமாணிக்கம் சார்.

சார் நல்லவர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை அவரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வகுப்பில் குடிமையியல் நடத்திய குரலிலேயே வீட்டில் உப்புக் கேட்பவர். ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் பழைய மாணவனைக் கண்டால், ஜனநாயகத்தின் தூண்கள் எத்தனை என்று கேட்பார். பதில் தெரியாதவன் அந்தத் தெருவில் அடுத்த முறை அவரைக் கண்டதும் சந்துக்குள் போய்விடுவான். மக்கள் சீர்தூக்கிப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அப்படி நம்பிய கடைசி மனிதர் எங்கள் தாலுகாவில் அவராகத்தான் இருக்கும். தோல் ஷாப்புக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மாதா கோயில் முன்னால் சத்தியம் செய்திருந்தார். அதை அவர் மீறவே மாட்டார் என்று எதிராளிக்கும் தெரியும்.

எதிராளி காமராஜ், லாரி வைத்திருந்தவர். தோல் ஷாப்புக்குத் தோல் ஏற்றி இறக்குவது அவருடைய லாரிகள்தான். கொள்கை என்று ஒன்றும் கிடையாது, பேச்சும் வராது. சின்னம் ஒதுக்குவதில் தேர்தல் அலுவலகம் தன் பங்குக்கு விளையாடியிருந்தது. தண்ணீருக்காக நின்ற சூசைமாணிக்கம் சாருக்குக் கிடைத்தது சீப்பு. அவருக்கோ தலையில் வார ஒன்றுமில்லை. கிணற்றைக் கெடுக்க நின்ற காமராஜுக்குக் கிடைத்தது கைப்பம்பு.

இப்படியிருக்கையில் கிழக்குத் தெரு நல்லகாமு செத்துப்போனார்.

தேர்தல் நேரத்தில் சாவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது டீக்கடையில் இடம் கொடுக்காதவர்கள் எல்லாம் ரோஜா மாலையோடு வந்தார்கள். வார்டு உறுப்பினருக்கு நின்றவர்கள், ஒன்றியத்துக்கு நின்றவர்கள், மாவட்டத்துக்கு நின்றவர்கள் என்று மாலை குவிந்ததில், நல்லகாமுவின் முகம் தெரியவில்லை என்று அவர் பெண்டாட்டி இரண்டு முறை மாலைகளை விலக்கிவிட்டாள். காமராஜ் வந்தார், ஒன்றும் பேசாமல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாடை தூக்கும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்தார், சுடுகாட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். அதுதான் முறை.

சூசைமாணிக்கம் சாரும் முறையாகத்தான் வந்தார். நல்லகாமு அவர் மாணவர். உண்மையிலேயே கண் கலங்கினார். பெஞ்சில் செத்த நேரம் உட்கார்ந்து, மரணம் எல்லாருக்கும் பொது என்பதை மூன்று விதமாகச் சொன்னார். பிறகு எழுந்தார். அதுவரைக்கும் ஒரு பிசகும் இல்லை.

எழவு வீட்டில் விடைபெறும் வழக்கம் கிடையாது. வந்தவர் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அங்கே போய் 'வாரேன்' என்று சொன்னால், இன்னொரு எழவுக்கு வருவேன் என்று சொன்னதாக ஆகிவிடும். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்காத சட்டம் இது. சாருக்கும் தெரியும், தெரியாமல் இருக்க அவர் என்ன சீமையிலா பிறந்தார்? ஆனால் மூன்று வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, அவருடைய நாக்கு அவரைக் கேட்காமலே ஓடத் தொடங்கியிருந்தது. பந்தலைத் தாண்டியவர் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார். கூப்பிய கைகளுக்கு நடுவே, பழக்க தோஷம், ஒரு சீப்பு.

"அப்ப நான் போயிட்டு வாரேன். மறந்துறாதீங்க."

ஒப்பாரி நின்றுபோனது. தப்படித்தவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். சார், தம் சொல்லின் கனத்தில் சபை அடங்கியதாக எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர்ப் பானை பக்கம் ஜக்கம்மாள் நின்றிருந்தாள். யாராவது இதை மறக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகமும் மறக்கிற முகமாக இல்லை.

அந்த வாரமே பொம்முராஜுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, கண் உள்ளே போய், திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். படுக்கை கிடைக்கவில்லை, வராந்தாவில் பாய். பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் முனகலுக்கு நடுவே, சாருக்கு ஓட்டுப் போட மறந்துறாதே என்று அவளிடம் சொன்னான். கிணறு வெட்டியது அவன் அப்பா.

நல்லகாமுவின் கருமாதிக்குக் கூட நாள் வரவில்லை, அவருடைய அண்ணன் போய்ச் சேர்ந்தார். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, காலில் ஆறாத புண் என்று சாவதற்குத் தேவையான எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. ஆனால் கிழக்குத் தெரு அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் மாலையோடு தெருமுனையில் திரும்பியது சூசைமாணிக்கம் சாரின் சைக்கிள்.

நல்லகாமுவின் பெண்டாட்டி அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், "சொன்னாரு. வந்துட்டாரு."

சுதந்திரம் வந்ததிலிருந்து செங்கரட்டுப்பட்டியில் ஓட்டுக் கேட்டவர்கள் எத்தனையோ பேர், கொடுத்த வாக்குறுதிகள் எத்தனையோ. அதில் சொன்னபடி செய்து முடித்த ஒரே வேட்பாளர் சூசைமாணிக்கம் சார்தான். அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டு. வாரேன் என்றவர் எத்தனை முறை என்று சொல்லவில்லையே. மூன்றாவது யார் என்று தெருவே யோசிக்கத் தொடங்கியது. யோசித்தவர்களின் கண், ஆஸ்பத்திரியில் இருந்து துணி மாற்ற வந்த ஜக்கம்மாள் மேல் விழுந்தது. ஒருத்தி, பொம்முராஜுக்கு இப்ப எப்படி இருக்கு என்று கேட்டாள். கேட்ட குரல் ஆறுதல் சொல்கிற குரலாக இருந்தது.

ஜக்கம்மாள் நேரே சார் வீட்டுக்குப் போனாள்.

சாரின் மனைவி கிளாரா டீச்சர் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். ஜக்கம்மாள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். தெரு இப்படி நினைக்கிறது. ஓட்டு முழுதும் போகப்போகிறது. பரிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லை என்றாள்.

"ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து ஒரு வா காப்பி குடிச்சிட்டு, தெரு கேக்குற மாதிரி வாரேன்னு சொல்லிட்டுப் போங்க சார். நல்ல வீட்டுல சொன்னா, அது கழிஞ்சுரும். அம்புட்டுத்தான்."

சார் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கோபக்காரரைச் சமாதானப்படுத்தலாம். சிரித்தவர், பாடம் எடுக்க எழுந்து நின்றார். சர்க்கரை நோய் என்பது என்ன, கணையம் எங்கே இருக்கிறது, ஒரு நிகழ்ச்சிக்குப் பின் இன்னொன்று வருவதால் முன்னது காரணம் ஆகுமா என்று விளக்கினார். "மனுஷன் சாகுறது நோவுனால ஜக்கம்மா, என் நாக்குனால இல்ல," என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. முழுக்கச் சரியாகப் பேசுகிற ஒருவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருடைய மாணவர்களுக்குத் தெரியும். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மூடநம்பிக்கைக்குத் தலைவணங்கி வருகிற பதவி தமக்கு வேண்டாம் என்று முடித்தார்.

பதவி அவருக்கு வேண்டாம்தான். கிணறு அவளுக்கு வேண்டுமே என்பதை அவள் எப்படிச் சொல்லுவாள்? வாசல்வரை கூட வந்த கிளாரா டீச்சர், அவர் வீட்டிலேயே யார் பேச்சும் கேட்கிறதில்லை என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

மறுநாள் சார் ஒரு நோட்டீஸ் அடித்துத் தெருவெல்லாம் கொடுக்கச் சொன்னார். "பகுத்தறிவுள்ள வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தது அது. அப்படியானால் அது தங்களுக்கு இல்லை என்று பெரும்பாலோர் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிய சிலர், செத்த வீட்டைப் பற்றி அச்சடித்துக் கேலி செய்திருக்கிறார் என்று படித்தவர்களைக் கொண்டு தெரிந்துகொண்டார்கள். அதுவரை பயந்துகொண்டிருந்த தெருவுக்குக் கோபமும் வந்தது. இந்த நோட்டீஸுக்குக் காமராஜ் பணம் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக எழுத வைத்திருக்க முடியாது.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் ஜக்கம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் இட்லி வாங்கிக்கொண்டு நின்றாள். பொம்முராஜுக்குப் போக்கு நின்றிருந்தது. ஆனால் காய்ச்சல் விடவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்கள் எப்போதும் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அது எப்போதும் வேறு மாதிரிதான் கேட்கும்.

கேட்டருகே சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார் சூசைமாணிக்கம் சார். ஹேண்டில்பாரில் பன் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமும் தொங்கின.

யோசிக்க நேரம் இல்லை. அவள் குறுக்கே போய் நின்றாள். வீட்டுக்காரர் தூங்குகிறார், யாரையும் உள்ளே விடக்கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் தூக்குவாளியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சார் அதைக் கவனிக்கவில்லை. விதி என்றால் விதிதான் என்று மெச்சிக்கொண்டார். மக்கள் இப்படி விதிகளை மதிக்கப் பழகினால் நாடு எங்கேயோ போய்விடும் என்றார். பன்னையும் பழத்தையும் அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவர் நாக்கு அல்ல, இந்த முறை அவர் மனசே நிறைந்து சொன்னது.

"பொம்முராஜுட்ட சொல்லு. நாளன்னைக்கு ஜெயிச்சதும் வேற எங்கயும் போக மாட்டேன். முதல்ல அவனப் பாக்கத்தான் வாரேன்."

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். பன்னை ஒரு நாய்க்குப் போட்டாள். நல்ல பன், நாய் ஒரே வாயில் முடித்தது. பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சாக்கடை ஓரம் வைத்துவிட்டு, கையைக் குழாயில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

ஓட்டுச்சாவடி, சார் தலைமையாசிரியராக இருந்த அதே பள்ளிக்கூடம். கரும்பலகைக்கு மேலே சுவரில் அவர் கையெழுத்தில் எழுதிய 'உரிமையும் கடமையும்' இன்னும் அழியாமல் இருந்தது. ஜக்கம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்து டவுன் பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றாள். தெருவே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. முடிவெடுத்துவிட்டு வந்தவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது. விரலில் மை வைத்தார்கள். நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தார்கள்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் அவள் தலைவர் சீட்டை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். சீப்பும் இருந்தது. கைப்பம்பும் இருந்தது. சீப்பில் குத்தினால் கிணறு அவளுக்கு. சீப்பு ஜெயிக்கும். ஜெயித்தால் சார் சொன்னபடி வருவார், அவர் சொல்லி வராமல் இருந்ததில்லை. கைப்பம்பில் குத்தினால் கிணறு போகும். சார் தோற்பார். தோற்றவர் எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவார்? தேர்தல் கமிஷன் எத்தனையோ ஏற்பாடு செய்திருந்தது. கிணறோ புருஷனோ ஒன்று போதாது, இரண்டும் வேண்டும் என்பவர்களுக்குக் குத்த அந்தச் சீட்டில் இடம் ஒதுக்கவில்லை. சீக்கிரம் ஆகட்டும்மா என்று அதிகாரி குரல் கொடுத்தார். ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, கைப்பம்பின் மேல் வைத்து, காகிதம் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தினாள். மற்ற மூன்று சீட்டிலும் எதில் குத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

கிழக்குத் தெரு சாருக்கு ஒரு ஓட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. காமராஜ் ஜெயித்தார். ஊர்வலத்தில் நிஜமான கைப்பம்பு ஒன்றை லாரியில் ஏற்றி, மாலை போட்டு, பேண்டு வாசிக்க வைத்துக்கொண்டு வந்தார்கள். அதை அடித்துப் பார்த்த ஒருவனுக்குக் காற்றுதான் வந்தது.

சூசைமாணிக்கம் சார் வீட்டுக்குள் இருந்துவிட்டார். யாரையும் பார்க்க வரவில்லை. பொம்முராஜுக்குக் காய்ச்சல் விட்டது. பாட்டில் எடுத்த மூன்றாம் நாள் கூழ் கேட்டான். வீட்டுக்குக் கூட்டிவந்தபோது தெருப் பெண்கள் வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். எடுத்தவர்கள் ஜக்கம்மாளை ஒரு தினுசாகப் பார்த்துத் தலையசைத்தார்கள். செய்தது வீண் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்தத் தலையசைப்புக்கு எதிராக ஒருவரும் எந்தக் காலத்திலும் ஒன்றும் சொல்ல முடியாது. அவர்கள் சொன்னது நடந்துவிட்டது. ஆள் உயிரோடு நிற்கிறான்.

சார் ஒரு மாதம் கழித்து அவளைச் சாலையில் பார்த்தார். பிராந்திக்கு விலைபோன ஜனம் என்று பேசிக்கொண்டே போனவர், சட்டென்று நின்று, நீயாவது எனக்குத்தானே போட்டாய் என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள். அவர் கண் கலங்கியது. ஒரே ஒரு பகுத்தறிவுள்ள வாக்காளர் போதும், அவருக்கு உயிர் வாழ. கிழக்குத் தெருப் பெட்டியில் அந்த ஒரு ஓட்டையும் காணோமே என்பது அவருக்கு உறைக்கவில்லை. கணக்கு அவர் பாடம் அல்ல.

தீர்மானம் முதல் கூட்டத்திலேயே நிறைவேறியது. சுவருக்குள் தொட்டிகள் கட்டினார்கள். இரண்டாவது கோடையில் ஜக்கம்மாளின் கனகாம்பரம் இலையோரம் கருகியது. தெருக்காரிகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக் குழாய்க்குப் போகத் தொடங்கினார்கள். அவளும் போனாள். வருத்தப்படலாம் என்றால், எதற்கென்று வருத்தப்படுவது? கிணற்றை நினைத்து அழ வாய் திறந்தால், வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவனை வேண்டாமென்று சொன்னதாக ஆகிவிடும்.

ஒரு நாள் காலையில் பொம்முராஜ் மோட்டாரைப் போட்டான். குழாய் இருமிவிட்டு, டீ நிறத்தில் கொட்டியது. வாய்க்காலில் நுரை மிதந்தது. அவன் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தான். அவன் அப்பா வெட்டிய கிணறு. கையை உதறிவிட்டு, அவள் பக்கம் திரும்பினான்.

"நான் ஆஸ்பத்திரில கெடக்கும்போது சொன்னேனே. நீ யாருக்குத்தான் போட்ட?"

ஜக்கம்மாள் வரப்பில் நின்று கருகிய பூச்செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒனக்குத்தான் மாமா போட்டேன்."

அவனுக்கு விளங்கவில்லை. கிறுக்குப் பிடிச்சிருச்சு என்று முனகிவிட்டு, கரண்டு ஏன் வீணாக என்று மோட்டாரை நிறுத்தப் போனான். அவள் அடுத்த செடியைப் பிடித்து இழுத்தாள். அது சிரமமில்லாமல் வந்தது. சாயங்காலம் தோல் ஷாப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.